கறுப்பும் மங்கலமும்

காதிக் பாணியில் விவாகம் செய்துகொள்ளப் பிரியப்படுவதாக ஒரு பெண்ணோ பிள்ளையோ வீட்டில் வாய் திறந்த மாத்திரத்தில், கேட்டவர்கள் மனக்கண்ணில் கறுப்புத் துணியும் மண்டையோட்டுப் பொம்மையும் பிளாஸ்டிக் சிலந்தி வலையுமே வந்து நிற்பதால், பேச்சு அந்த நிமிஷமே கசந்துபோவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இதற்குப் பெரியவர்களை மாத்திரம் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பாணியை விரும்பும் இளைஞர்களிலும் பலர், வாடகைக் கடைக்காரர் நீட்டும் சாமான் ஜாபிதாவுக்கு அப்பால் அதைப் பற்றி யோசித்ததில்லை. இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் கட்சி வேறு. கழிந்துபோன காலத்தின் மீதும், மறைந்துபோன மனிதர்கள் மீதும், பாதி வெளிச்சத்தின் மீதும் வைத்த பிரியமே காதிக் என்று கொண்டால், அத்தகைய கலியாணத்துக்கு வேண்டிய முக்கியமான வஸ்துக்கள் வாடகைக் கடையில் கிடைக்கமாட்டா என்பதும், மணமக்கள் இருவருடைய பாட்டன் பாட்டிமாரின் பெட்டிகளிலும் ஞாபகங்களிலும்தான் அவற்றைத் தேட வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

சரித்திரமும் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் கூர்வளைவும் உயர்ந்த சாளரமுமாக எழுந்த அந்தக் கட்டடக் கலை, பிற்காலத்தில் மவுசு இழந்து கிடந்து, 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புனர்ஜன்மம் எடுத்தபோது, கல்லைவிடக் கற்பனையே அதில் மிகுந்திருந்தது. ஹொரேஸ் வால்போல் என்ற பிரபு 1749 முதல் லண்டனை அடுத்த ட்விக்கனத்தில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற தமது மாளிகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காதிக் கோட்டையாக மாற்றினார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஏழாம் ஹென்றி மண்டபத்தின் விதானத்தைப் பார்த்து அவர் அமைத்த கூடத்து மேற்கூரை, கல்லில் செய்ததல்ல, கடுதாசிக் கூழில் செய்து பொன் பூசியது. அதே மனிதர்தாம் 1764இல் 'ஒட்ராண்டோ கோட்டை' என்ற நாவலை வெளியிட்டு, பாழடைந்த மாளிகையும் பழைய பாவமும் நள்ளிரவுமான ஒரு கதை வர்க்கத்துக்கே வித்திட்டார். ஆகவே, காதிக் கலியாணத்தில் எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், அந்தப் பாணியின் மறுபிறப்பே கடுதாசிக் கூழில் நிகழ்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பொதுப்படையாகப் பேசிக்கொண்டு போனால் கைக்கு ஒன்றும் அகப்படாது. ஒரு ஜோடியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பெண், யாழ்ப்பாணத்திலிருந்து போய் லண்டனில் குடியேறிய சைவக் குடும்பத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். பிள்ளை, இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்‌ஷயரைச் சேர்ந்தவன். இருவருக்கும் காதிக் சங்கீதத்திலும் உடையிலும் மோகம். யார்க்‌ஷயர் இந்த விஷயத்தில் சாமானியமான இடமன்று. அதன் கடற்கரை ஊராகிய விட்பியில், 657இல் ஹில்டா என்ற துறவிப் பெண் ஸ்தாபித்து, எட்டாம் ஹென்றியின் காலத்தில் மூடப்பட்டு, இன்று கூரையில்லாத காதிக் சுவர்களாகக் குன்றின்மேல் நிற்கும் மடாலயம் இருக்கிறது. பிராம் ஸ்டோக்கர் 1890இல் அங்கே தங்கிப் போனதன் விளைவாகவே 1897இல் வெளிவந்த 'டிராகுலா'வில் அந்த ஊர் இடம் பெற்றது. 1994 முதல் காதிக் அன்பர்கள் கூடும் விழாவும் அங்கே நடந்துவருகிறது. பிள்ளைக்கு இது கடையில் வாங்கிய மோகமன்று, பிதிரார்ஜிதம் என்றே சொல்லலாம். பெண்ணின் பக்கத்தில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் நாம் பொறுமையாக விடை தேட வேண்டும். தேடினால் ஏராளமாகவே அகப்படும்.

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். மண்டபத்தையும் உடையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகாது என்று பெண் வீட்டார் சொல்வார்கள்; கோடையில் இரவு ஒன்பது மணி வரை வெயில் அடிக்கும் இங்கிலாந்தில் இருளுக்கு வழியில்லை என்று மணமக்கள் சொல்வார்கள். இரண்டு தரப்பாருக்கும் சம்மதமான காலம் ஐப்பசியின் பிற்பகுதியும் கார்த்திகையும், அதாவது அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிக்குச் சற்று முன்வரை. நவம்பர் நடுவில் அங்கே நாலு மணி சுமாருக்கே சூரியன் அஸ்தமித்துவிடும். முகூர்த்தத்தைப் பகலில் முடித்துக்கொண்டு, தேநீர் அருந்தி எழுந்திருப்பதற்குள் இருட்டு தானாகவே வந்து சேரும். இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. அக்டோபர் 31ஆம் தேதியை ஒட்டி வைக்காதீர்கள். ஊர் முழுவதும் பூசணிக்காய் முகமும் பேய் வேஷமுமாக இருக்கும் அன்று உங்கள் பிரயாசையெல்லாம் குழந்தைகள் விளையாட்டாகத் தோன்றிவிடும். நவம்பர் இரண்டாவது ஞாயிறு, போரில் மாண்டவர்களை பிரிட்டன் நினைவுகூரும் நாள். மாவீரர் நாளான நவம்பர் 27ஐயும் அதற்கு முந்திய சில நாள்களையும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் சுப காரியங்களுக்குத் தவிர்த்துவிடுகின்றன; சோதிடர் நல்ல நாள் என்று குறித்துக் கொடுத்தாலும் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட வேண்டாம்.

அடுத்தது சட்டம். இங்கிலாந்தில் சிவில் விவாகம் செய்துகொள்ள, இருவரும் தத்தம் பகுதிப் பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் அறிவித்தல் கொடுத்து, அதன்பின் 28 முழு நாள்கள் காத்திருக்க வேண்டும். ஒருவர் பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்துப் பிரஜை அல்லாதவராக இருந்தால் இந்தக் காத்திருப்பு 70 நாள் வரை நீளக்கூடும். விவாகம் நடக்கும் இடம் அதற்கென அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும். பழைய மாளிகைகளும் கோட்டைகளும் இந்த அனுமதியைப் பெறத் தொடங்கியது 1995 முதல்; அதற்கு முன் பதிவாளர் அலுவலகமோ வழிபாட்டுத் தலமோ தவிர வேறு போக்கிடம் கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் விவாகம் கூடாதென்ற பழைய விதி 2012இல் எடுபட்டது. 2021 முதல் அனுமதி பெற்ற இடத்தின் தோட்டத்திலும் நடத்தலாம். காதிக் அன்பர்களுக்கு இவை எல்லாம் சகாயமான மாறுதல்கள். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: பதிவாளர் முன் நடக்கும் சிவில் சடங்கில் சமயக் கிரியை இடம்பெறலாகாது. அதேபோல, அனுமதி பெறாத மண்டபத்தில் ஐயர் வந்து ஓமம் வளர்த்துத் தாலி கட்டிவைத்தாலும், சட்டத்தின் கண்ணில் அது விவாகமன்று. ஆகவே லண்டன் தமிழர் பெரும்பாலும் செய்வதைப் போல, இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதே உசிதம். காலையில் வழக்கமான மண்டபத்தில் தாலி கட்டு. அந்தி சாயும் வேளையில் காதிக் மாளிகையில் பதிவும் விருந்தும். மேலே சொன்ன ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையே இப்போது விவாகங்களுக்கு விடப்படுகிறது.

தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ விவாகம் செய்துகொள்ளும் கிறிஸ்தவக் குடும்பத்தாருக்கு இவ்வளவு சிரமமில்லை. சென்னையில் 1896இல் இப்போதைய உருவம் பெற்ற சாந்தோம் பேராலயமும், புதுச்சேரியின் திரு இருதய ஆலயமும், திருச்சியின் லூர்து மாதா ஆலயமும் காதிக் மரபில் எழுந்தவையே. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடிந்ததும் அங்கே கூர்வளைவும் வண்ணக் கண்ணாடியும் செலவில்லாமல் கிடைக்கும்போது, மேலும் ஜோடனை செய்யப் புறப்படுவது அவற்றை மறைப்பதற்குச் செலவு செய்வதாகவே முடியும்.

மாளிகையை எடுத்துக்கொண்டதும் அங்கே அதிகாரியிடம் முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது நெருப்பைப் பற்றிய விதி. சரித்திரப் பிரசித்தி பெற்ற கட்டடங்கள் பலவற்றில் ஒரு மெழுகுவர்த்தியைக்கூட ஏற்ற விடமாட்டார்கள். கர்ப்பூர ஆரத்தி காட்டினால் புகையுணர் கருவி ஊரைக் கூட்டிவிடும். குத்துவிளக்கை ஏற்றுவதற்கு விசேஷ அனுமதி கேட்டுப் பாருங்கள். ஒரு விளக்குக்கு, பக்கத்தில் ஆள் நிற்கும் நிபந்தனையோடு, சில இடங்களில் இணங்குவார்கள். மற்றவற்றுக்கு மின்சார அகல்கள்தாம் கதி. கார்த்திகை மாதமாதலால் அந்த அகல்களைக் கார்த்திகை விளக்கு வைப்பதுபோலவே, படிக்கட்டிலும் சாளரத் திட்டிலும் வரிசையாக வையுங்கள். தரையிலிருந்து மேல் நோக்கி எழும் அந்தச் சிறு வெளிச்சம் கூர்வளைவின் நிழலைக் கூரைவரை நீட்டும். இதைவிடக் காதிக்கான அலங்காரத்தை எந்தக் கம்பெனியும் செய்து தர முடியாது. ஊதா நிற விளக்குகளை மாத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம்மவர்களுடைய மாநிறத்தின் மீது ஊதா வெளிச்சம் பட்டால் முகம் சாம்பல் பூத்துப்போகும், தங்கம் பித்தளையாய்த் தெரியும். 2,700 கெல்வின் அல்லது அதற்கும் குறைந்த மஞ்சள் வெளிச்சமே நகைக்கும் பட்டுக்கும் முகத்துக்கும் பொருந்தும். வீடியோக்காரர் தமது கண்ணைப் பறிக்கும் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் இத்தனையும் வீணாகும் என்பதால், இருட்டில் படம் எடுத்துப் பழகியவரைப் பார்த்து அமர்த்தி, விளக்கைப் பற்றி முன்னதாகவே உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்.

இனி, எல்லா வீட்டிலும் சண்டை மூளும் இடமாகிய கறுப்புக்கு வருவோம்.

கறுப்பு அமங்கலம் என்று பாட்டி சொன்னால், அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பேத்தி எதிர்த்துப் பேசுவது வழக்கம். இரண்டு பேரும் நம்முடைய சம்பிரதாயத்தை முழுதும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கருவுற்ற பெண்ணுக்கு மசக்கைக் கறுப்பு என்று கறுப்புப் புடவையே எடுத்து உடுத்தி மகிழ்வது தமிழ்நாட்டுப் பிராமணக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் மணப்பெண் கழுத்தில் ஏறும் மங்கல அணியே கருகமணிதான். கன்னட, மராட்டிய நாடுகளில் தாலிச்சரட்டில் கறுப்பு மணி கோக்காமல் அது பூர்த்தியாவதில்லை. தொட்டில் குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு இடாத தாய் நம்மில் உண்டா? கறுப்பு, கண்ணேறு போக்கிக் காப்பது என்ற நம்பிக்கை ஒரு பக்கமும், துக்கத்துக்கு உரியது என்ற விலக்கு இன்னொரு பக்கமுமாக, இரண்டும் சேர்ந்தே நம்மிடம் இருந்துவந்திருக்கின்றன. ஐரோப்பாவிலும் வெள்ளை உடைக்கு ஏகபோகம் புராதனமானதன்று. 1840இல் விக்டோரியா மகாராணி வெண்பட்டு உடுத்தி மணந்த பிறகே அது பரவியது. அதற்கு முன் பெண்கள் தங்களிடமிருந்த நல்ல உடை எந்த நிறமோ அதையே உடுத்தி மணவறை ஏறினார்கள்.

வாதத்தில் ஜயிப்பது வேறு, பாட்டியை மனமுவந்து பந்தியில் உட்காரவைப்பது வேறு. யாழ்ப்பாணத்துக் கலியாண முறையே இதற்கு ஒரு சுலபமான உபாயத்தை வைத்திருக்கிறது. மணப்பெண் முதலில் ஒரு சேலையோடு மணவறைக்கு வந்து அமர்ந்து, பிறகு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறையை உடுத்திக்கொண்டு திரும்பி வந்தே தாலி ஏற்கிறாள். கூறை கூறையாகவே, சிவப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதில் கை வைக்க வேண்டாம். முதல் சேலையும் மாலை விருந்துச் சேலையும் உங்களுடைய சுதந்திரத்துக்கு உட்பட்டவை. அவற்றிலும் ஒரே கறுப்பாக எடுப்பதைக் காட்டிலும், பாவு கறுப்பும் ஊடு அரக்குமாகவோ, பாவு கறுப்பும் ஊடு கத்தரிப்பூ நிறமுமாகவோ நெய்த பட்டை நான் சிபாரிசு செய்வேன். நிற்கும்போது கறுப்பாகத் தோன்றும் சேலை, நடக்கும்போது மடிப்புத் திரும்புகிற இடங்களில் மாத்திரம் தணல் போலச் சிவந்து மறையும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் ஊடு கோத்து நெய்யப்படுவதால், அந்த இருண்ட உடலுக்குக் கோபுரக் கரை போடச் சொல்லுங்கள். வரிசையாகக் கூர்த்து நிற்கும் அந்த முக்கோணங்களைக் காதிக் ஆலயத்தின் சிகரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இரண்டு பரம்பரையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டாற்போல் இருக்கும். தறியில் சொல்லி நெய்விக்க வேண்டிய சேலையாதலால் மூன்று நான்கு மாதங்களாவது முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை வீட்டார் பங்குக்கு விட்பி ஊரின் ஜெட் இருக்கிறது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் அமிழ்ந்த மரம், காலத்தால் இறுகிக் கருமணியாக மாறியது அது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் மகாராணி துக்கம் காத்துக் கறுப்பே தரித்ததால், அந்த ஊர் ஜெட் நகை தேசமெங்கும் பரவியது. பிள்ளையின் குடும்பத்தில் கொள்ளுப்பாட்டி காலத்து ஜெட் மாலையோ புரோச்சோ ஒன்று இருந்தாலும் இருக்கும். விசாரிக்காமல் புதிது வாங்காதீர்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் கையில் எடுத்துப் பாருங்கள்: நிஜமான ஜெட்டில் கனமே தெரியாது, கன்னத்தில் வைத்தால் குளிராது. கறுப்புக் கண்ணாடியில் செய்த போலி கனக்கும், சில்லென்றும் இருக்கும். மெருகில்லாத பீங்கானின் மீது ஒரு மூலையை உரசிக் காட்டச் சொன்னால், கறுப்புக் கல் பழுப்புக் கோடு இழுக்கும் அதிசயத்தையும் பார்க்கலாம். மிருதுவான பொருளாதலால் தினம் அணியும் மோதிரத்தில் அதைப் பதிக்க வேண்டாம். கழுத்துக்கும் காதுக்கும் ஏற்றது. தாலிக்கொடியோடு அதைக் கோக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஒற்றைப்படைப் பவுனில் செய்த கொடி தனியாக நிற்கட்டும். ஜெட் மாலை அதற்கு மேலே, கழுத்தை ஒட்டி இருக்கட்டும்.

பெண் வீட்டு மரபில் காதிக் ரசனைக்கு மிகவும் அணுக்கமான சடங்கைத்தான் நம்மவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அது பொன்னுருக்கு. சுபதினத்தில் மாப்பிள்ளை வீட்டில் ஆசாரி வந்து அமர்ந்து, சட்டியில் கரியைத் தணலாக்கி, மூசையில் பொற்காசை வைத்து, வெண்காரம் தூவி, குழலால் ஊத ஊதக் காசின் விளிம்பு முதலில் மழுங்கி, முகத்திலுள்ள உருவம் கரைந்து, பிறகு எல்லாம் ஒரு துளியாகத் திரண்டு உருளும். அந்தத் துளி ஆறிக் கட்டியானதும் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க, அதுதான் தாலியாகிறது. இருட்டும் கரியும் தணலும் பொன்னும் சேர்ந்த இந்தக் காட்சியைப் பத்துப் பேர் பார்க்கும் வீட்டு விசேஷமாக முடித்துவிடாமல், யார்க்‌ஷயர் உறவினரையும் கூப்பிட்டு, கூடத்து விளக்கைத் தணித்துவைத்து, சாவகாசமாக நடத்துங்கள். பிள்ளையின் பாட்டி வைத்திருந்த பழைய சவரன் ஒன்று கிடைத்து, அதையும் சேர்த்து உருக்கக் கொடுத்தால், இரண்டு குடும்பங்களின் பொன்னும் சம்பந்தம் செய்துகொண்டதாகும். மாற்று குறையாமல் இருக்க வேண்டுமென்பதால், சவரன் 22 காரட் என்பதை ஆசாரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடவும்.

அழைப்பிதழில் ஒரு ஜாக்கிரதை. கறுப்புக் காகிதத்திலோ, வெள்ளைக் காகிதத்தில் கறுப்புக் கரை போட்டோ அச்சிட்டால், நம்மவர் வீட்டில் அது மரண அறிவித்தலாகவே வாசிக்கப்படும். தபால்காரர் கொடுத்ததும் யாருக்கு என்ன ஆயிற்று என்று வயசாளிகள் பதறுவார்கள். அரக்கு அல்லது மயில்கழுத்து நிறத்தில் கனத்த காகிதம் எடுத்து, பொன் எழுத்தில் அச்சிட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பினால் இரு தரப்பார் மனமும் நிறையும்.

பூவைப் பொறுத்தவரை கறுப்புச் சாயம் தோய்த்த ரோஜாவைக் கிட்டவே சேர்க்காதீர்கள். சாயம் பட்டில் இறங்கினால் போகாது. பிளாக் பக்காரா என்ற கருஞ்சிவப்பு ரோஜா இருக்கிறது. உறைபனி விழும்வரை கருஞ்சிவப்பு டாலியா கிடைக்கும். இவற்றையெல்லாம்விட, வெல்வெட்டில் செய்தாற்போல் இருக்கும் கோழிக்கொண்டைப் பூவை நம்முடைய மாலை கட்டுபவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவருகிறார்கள். கோழிக்கொண்டையும் சிவப்பு ரோஜாவும் மரிக்கொழுந்தும் வைத்து, வெட்டிவேர் சுற்றிக் கட்டிய மாலை நிறத்தாலும் வாசனையாலும் அந்த மாளிகைக்கே உரியது போலிருக்கும். வாசலில் வாழை கட்டுவதை விட்டுவிடாதீர்கள். இரு புறமும் நிறுத்திய வாழைகளின் இலைகள் மேலே சாய்ந்து சேரும் இடம் சாட்சாத் கூர்வளைவேதான். தெர்மோகோலில் செய்த ரோமானியத் தூண்களும் நாற்காலிகளுக்குச் சட்டை போடும் வழக்கமும் எந்தப் பாணிக்கு உரியவை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தச் செலவை மிச்சம் பிடித்து வெளிச்சத்தில் போடுங்கள்.

சாப்பாட்டில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பனங்கட்டியும் கறுப்புக் கவுனி அரிசியும் இருக்கும்போது கறுப்பு வர்ணம் சேர்த்த பலகாரத்துக்கு அவசியமில்லை. எள்ளுருண்டை யாழ்ப்பாணத்தாருக்குப் பிரியமானதுதான் என்றாலும், எள்ளைப் பிதிர் காரியத்தோடு நினைப்பவர்கள் சபையில் இருப்பார்களாதலால் விட்டுவிடலாம். உலர்ந்த பழங்கள் ஊறிக் கறுத்த கனத்த கேக், இங்கிலாந்துக்கும் இலங்கைக்கும் பொதுவான விவாகப் பண்டம். இலங்கை வழக்கப்படி அதைச் சிறு துண்டுகளாக்கி, காகிதத்தில் சுற்றி, விருந்தாளிகள் கையில் கொடுத்தனுப்பலாம். சங்கீதத்துக்கு, காலையில் நாதஸ்வரமும் தவிலும். மாலையில் யார்க்‌ஷயர் ஊர்களின் பெருமையான பித்தளை வாத்தியக் குழுவிலிருந்து நாலு பேர். இரவு முற்றியதும், 1980இல் அதே யார்க்‌ஷயரின் லீட்ஸ் நகரில் தோன்றிய சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி கோஷ்டியாரின் இசைத்தட்டுகளை இளைஞர்கள் தாமே போட்டுக்கொள்வார்கள்; அந்நேரம் பெரியவர்களுக்கு வேறு அறையில் வெற்றிலைத் தட்டும் கோப்பியும் ஏற்பாடாகியிருந்தால் சரி.

மறைந்தவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்காத காதிக் கலியாணம் வெறும் வேஷம். நம்முடைய வைதிகக் கிரமத்திலேயே, விவாகத்துக்கு முன் நாந்தி சிராத்தம் செய்து பிதிர்களின் ஆசியை வேண்டும் வழக்கம் இருக்கிறது. முன்னோர் கலியாண வீட்டுக்கு அழைக்கப்பட வேண்டிய விருந்தாளிகள் என்பது நமக்குப் புதிய எண்ணமல்ல. கூடத்தின் ஒரு பக்கம் மேஜை போட்டு, இரு குடும்பத்து முன்னோரின் படங்களையும் பழைய மரச் சட்டங்களில் வையுங்கள். ஆனால் மாலை போடாதீர்கள், போட்டால் அது துக்க வீட்டுச் சாயலைப் பெற்றுவிடும். இங்கே ஒரு கஷ்டம் எதிர்ப்படும். யார்க்‌ஷயர் குடும்பத்தில் நாலு தலைமுறைப் படம் இருக்கும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த யாழ்ப்பாணக் குடும்பத்தில் ஒன்றுகூட எஞ்சாமல் போயிருக்கலாம். போருக்கு முன்பே வெளிநாடு போன உறவினர்களுக்குக் கடிதத்தோடு அனுப்பப்பட்ட படங்கள் பல, டொரன்டோவிலும் கோலாலம்பூரிலும் யாரோ ஒரு பெரியம்மாவின் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கும். ஆறு மாதம் முன்னதாகவே தொலைபேசியில் விசாரிக்கத் தொடங்குங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால், பெயரையும் பிறந்த ஊரையும் நல்ல கையெழுத்தில் எழுதிச் சட்டமிட்டு, படங்களோடு படமாக வைக்கலாம். வெறுமையை மறைக்கப் பூச்சாடி வைப்பதைக் காட்டிலும் அது கண்ணியமானது.

மாலையில் பதிவு முடிந்த பிறகு சேர்த்துக்கொள்வதற்கு நான் ஒன்றே ஒன்று சொல்வேன்; அது அருந்ததி பார்த்தல். நம் நாட்டுக் கலியாணங்களில் பட்டப்பகலில் வெளியே அழைத்துப் போய், கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரத்தை ஐயர் விரல் நீட்டிக் காட்ட, தெரிகிறது என்று மணமக்கள் சொல்லித் தீர்வது வழக்கம். கார்த்திகை மாதத்து மாலையில் யாழ்ப்பாணத்தில் நின்று பார்த்தாலும் சப்தரிஷி மண்டலம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். இங்கிலாந்தின் வடக்கு வானத்திலோ அந்த ஏழு நட்சத்திரங்களும் வருஷம் முழுவதும் அஸ்தமிப்பதே இல்லை. நவம்பர் நடுவில் மாலை ஆறு மணிக்கு, வடமேற்கில் மரங்கள் மறைக்காத ஒரு திறந்த இடத்தில் நின்று, வசிஷ்டரையும் அவரை ஒட்டி மங்கலாக மினுங்கும் அருந்ததியையும் வானம் தெளிந்திருந்தால் நிஜமாகவே காணலாம். மாளிகையைப் பார்க்கப் போகும் அன்றே திசைகாட்டியை வைத்து அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிழவர்களுக்குக் கம்பளியும், புல்தரையில் கால் நனையாமலிருக்க ஒரு பாயும் தயாராக இருக்கட்டும். மேகம் கவிந்துவிட்டால் பழையபடி ஐயருடைய விரலே பிரமாணம்.

கடைசியாக ஒரு காகித விஷயம். 2021 மே மாதம் வரை இங்கிலாந்து விவாகப் பதிவில் மணமக்களுடைய தகப்பனார் பெயர்கள் மாத்திரமே ஏறின. அதன்பின் தாயார் பெயருக்கும் இடம் உண்டு. அறிவித்தல் கொடுக்கப் போகும்போதே இரண்டு தாய்மாருடைய முழுப் பெயரும் கடவுச்சீட்டில் எந்த எழுத்துக்கூட்டில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரைச் சுமந்து நிற்கும் நம்முடைய வழக்கம் அங்கே குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய்ச் சிக்கிக்கொள்வதுண்டு. விவாக தினத்தன்று கையெழுத்திடுவதற்கு முன் பதிவாளர் அந்தத் தாளை வாசிக்கக் கொடுப்பார். விளக்கு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், அந்த மேஜைக்கு மாத்திரம் நல்ல வெளிச்சம் வைத்து, இருவரும் ஓர் எழுத்து விடாமல் வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். பின்னால் திருத்த வேண்டுமென்றால் ஆதாரங்களோடு விண்ணப்பித்து, கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும்.